கன்ட்ரோலர் மாடியில், பேட்டரி கீழே: நீள ஒயர் தின்னும் வோல்டேஜ்

பேனலிலிருந்து பேட்டரிக்குப் போகும் சார்ஜை ஒழுங்குபடுத்தும் சோலார் சார்ஜ் கன்ட்ரோலரைப் பேனலை ஒட்டி மாடியிலேயே மாட்டிவிட்டு, அங்கிருந்து கீழே பேட்டரிக்கு 4 ஸ்கொயர் எம்எம் ஒயர் இழுத்திருப்பார்கள். கன்ட்ரோலர் திரையில் 14.4 வோல்ட் தெரியும். அதே நேரம் பேட்டரி முனையில் 13.5தான் இருக்கும்.

செம்பு ஒயரின் தடையைக் கணக்கிட, 0.0175ஐ ஒயர் நீளத்தால் (மீட்டர்) பெருக்கி, ஸ்கொயர் எம்எம் அளவால் வகுக்க வேண்டும். தூரம் 5 மீட்டர் என்றால் நீளம் 10, ஏனென்றால் நெகட்டிவ் ஒயரிலும் அதே கரண்ட்தான் ஓடுகிறது. விடை 0.044 ஓம், 20 ஆம்பியரில் 0.88 வோல்ட் போய்விடும். 25 ஸ்கொயர் எம்எம் என்றால் 0.14 மட்டுமே.

தன் முனையில் 14.4 வந்ததுமே கன்ட்ரோலர் கரண்டைக் குறைக்கத் தொடங்கும். கரண்ட் குறையக் குறைய ஒயர் இழப்பும் குறையும், ஆகவே நேரம் கொடுத்தால் பேட்டரி நிறைந்துவிடும். ஆனால் அதற்குள் வெயில் இறங்கிவிடும், அல்லது டைமர் முடிந்து கன்ட்ரோலர் ஃப்ளோட்டுக்கு (நிறைந்த பேட்டரியைக் குறைந்த வோல்டேஜில் தக்கவைக்கும் நிலை) போய்விடும். தினமும் அரைகுறையாக நின்றால் லெட் ஆசிட் பேட்டரியின் தகடுகளில் சல்பேட் இறுகி, கொள்ளளவு குறையும்.

நல்ல வெயிலில், முழுக் கரண்ட் ஓடும்போது கன்ட்ரோலரின் பேட்டரி முனைகளிலும் பேட்டரியின் முனைகளிலும் வோல்டேஜை மல்டிமீட்டரால் அளக்கவும். வித்தியாசம் 0.2 வோல்ட்டைத் தாண்டினால் முதலில் லக்குகளை (ஒயர் நுனியில் பேட்டரியோடு இணைக்கும் உலோக வளையம்) பாருங்கள்: மல்டிமீட்டரின் ஒரு குச்சியை லக்கிலும் மற்றதைப் பேட்டரி முனையிலும் வைத்து, 50 மில்லிவோல்ட்டுக்கு மேல் காட்டினால் கழற்றிச் சுரண்டித் திரும்ப இறுக்க வேண்டும்.

செட்டிங்கில் வோல்டேஜைக் கூட்டி ஈடுகட்டவே கூடாது. கரண்ட் குறைந்ததும் இழப்பு மறைந்து, கூட்டிய வோல்டேஜ் முழுவதும் பேட்டரியில் ஏறும்; தண்ணீர் வற்றும்.

சரியான வழி, கன்ட்ரோலரைக் கீழே இறக்கிப் பேட்டரியிலிருந்து ஒரு மீட்டருக்குள் மாட்டுவது. நீளம் பேனல் பக்கம் போகட்டும்: 12 வோல்ட் பேனல் 17, 18 வோல்ட்டில் வேலை செய்வதால், பிடபிள்யூஎம் கன்ட்ரோலருக்கு (பேனலை நேரடியாகப் பேட்டரியோடு இணைத்துத் துண்டிக்கும் எளிய வகை) அங்கே ஒரு வோல்ட் போனாலும் சார்ஜ் கரண்ட் பெரிதாகக் குறையாது. வெப்பநிலைக் கணக்கும் சரியாகும். மாடிச் சூட்டில் கன்ட்ரோலரின் உள் சென்சார், பேட்டரியே சூடாக இருப்பதாக எடுத்துக்கொண்டு சார்ஜ் வோல்டேஜை டிகிரிக்குச் சுமார் 24 மில்லிவோல்ட் குறைத்துவிடும்.

இறக்க வழியில்லை என்றால், கன்ட்ரோலரில் வோல்டேஜ் சென்ஸ் முனை (பேட்டரி முனையின் வோல்டேஜைத் தனி ஒயரில் அளக்கும் இணைப்பு) இருக்கிறதா என்று பாருங்கள். அதில் கரண்ட் ஏறக்குறைய ஓடாததால் 1 ஸ்கொயர் எம்எம் ஒயரே போதும். பேட்டரிப் பக்கத்தில் 1 ஆம்பியர் ஃப்யூஸ் போடவும். பெரிய கேபிளுக்கும் ஃப்யூஸ் பேட்டரி பாசிட்டிவ் முனையை ஒட்டித்தான் இருக்க வேண்டும். கன்ட்ரோலர் பக்கம் போட்டால், நடுவில் ஒயர் உரசி ஷார்ட் ஆகும்போது அது எரியாது, கேபிள்தான் எரியும்.