இரண்டாம் உலகப் போரின் திருப்புமுனைகள்: எழுதும்போதும் படிக்கும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1941 டிசம்பர் 8, நள்ளிரவு தாண்டி அரை மணி நேரம் இருக்கும். மலாயாவின் வடகிழக்கே கோத்தா பாரு கடற்கரையில் ஜப்பானியப் படகுகள் வந்து இறங்குகின்றன. கரையோரப் பதுங்கு அரண்களில் காத்திருந்தவர்கள் இந்திய ராணுவத்தின் டோக்ரா வீரர்கள். இங்கே சண்டை தொடங்கி ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆன பிறகுதான் ஹவாயில் பேர்ல் துறைமுகத்தின் மேல் முதல் குண்டு விழுந்தது. ஆனால் ஹவாயில் அப்போது தேதி டிசம்பர் 7. காலண்டரை மட்டும் பார்த்தால், ஜப்பான் முதலில் அமெரிக்காவைத் தாக்கிவிட்டு மறுநாள் மலாயாவுக்கு வந்ததுபோலத் தெரியும். நடந்தது அப்படியல்ல.

ஒரு மணி நேரம் முன்னே பின்னே இருந்தால் என்ன என்று தோன்றலாம். எனக்கு இது முக்கியமாகப் படுகிறது. ஏனென்றால் ஜப்பானுக்கு வேண்டியது ஹவாய் அல்ல. மலாயாவின் ரப்பரும் வெள்ளீயமும், டச்சுக்காரர்கள் ஆண்ட கிழக்கிந்தியத் தீவுகளின் எண்ணெய்யும்தான் வேண்டும். அந்த ஆண்டு நடுவில் அமெரிக்கா எண்ணெய் தருவதை நிறுத்திவிட்டது. தெற்கே போய் எண்ணெய்யைப் பிடிக்கும்போது அமெரிக்கக் கடற்படை குறுக்கே வரக்கூடாது. அதற்காகத்தான் பேர்ல் துறைமுகம். தேதிகளைச் சரியாக அடுக்கினால் காரணமும் பிடிபடும். உலகப் போரைப் பற்றி எழுதுகிறவர்கள் முதலில் செய்ய வேண்டியது, ஒரு நிகழ்வு எந்த ஊர் நேரப்படி நடந்தது என்று பார்ப்பது. ஜெர்மனி சரணடைந்த நாள் லண்டனில் மே 8, மாஸ்கோவில் மே 9 என்று இரண்டு விதமாகக் கொண்டாடப்படுவதும் இதனால்தான்.

அடுத்து, பேர்ல் துறைமுகத்தில் அமெரிக்கக் கடற்படையே அழிந்துபோனது என்று எழுதுவது. 2,403 அமெரிக்கர்கள் இறந்தார்கள், எட்டு பெரிய போர்க்கப்பல்கள் அடி வாங்கின. அதெல்லாம் உண்மை. ஆனால் அந்த எட்டில் அரிசோனா, ஒக்லஹோமா என்ற இரண்டைத் தவிர மற்றவை பழுது பார்க்கப்பட்டு மறுபடி கடலுக்குப் போயின. விமானந்தாங்கிக் கப்பல் ஒன்றுகூட அன்று துறைமுகத்தில் இல்லை. எண்ணெய்த் தொட்டிகளும் பழுதுபார்க்கும் பட்டறைகளும் தப்பின. இந்தப் பட்டறைகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பசிபிக் தீவான மிட்வே அருகே நடந்த சண்டையைச் சொல்லும்போது மறுபடி வரும்.

சிங்கப்பூர் பீரங்கிகள்

சிங்கப்பூர் விழுந்த கதையை எல்லோரும் ஒரே மாதிரி சொல்வார்கள்: "பீரங்கிகளைக் கடல் பக்கம் பார்த்து வைத்திருந்தார்கள், ஜப்பான்காரன் பின்வாசல் வழியாக வந்துவிட்டான்." கேட்க நன்றாக இருக்கிறது, அதனால்தான் இது 80 ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கிறது. உண்மையில் பல பீரங்கிகளைத் தரைப் பக்கம் திருப்ப முடிந்தது, திருப்பிச் சுடவும் செய்தார்கள். சிக்கல் இருந்தது குண்டுகளில். கப்பலின் இரும்புத் தகட்டைத் துளைத்து உள்ளே போய் வெடிக்கும்படி செய்த குண்டுகள்தான் பெரும்பாலும் கையிருப்பில் இருந்தன. அவற்றை மண்ணை நோக்கிச் சுட்டால் ஆழமாகப் புதைந்து வெடிக்கும். பக்கத்தில் பரவி நிற்கும் காலாட்படைக்கு அதனால் அவ்வளவு சேதம் இல்லை.

பீரங்கிக் கதையோடு நிறுத்திவிட்டால் உண்மையான காரணங்கள் மறைந்துவிடும். மலாயாவைக் காத்த படையிடம் டாங்கியே கிடையாது. வானம் சீக்கிரமே ஜப்பானியர் கைக்குப் போய்விட்டது. அவர்கள் சைக்கிள்களில் ரப்பர் தோட்டச் சாலைகள் வழியாக இறங்கி வந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. கடைசியில் நீர்த்தேக்கங்களும் கைவிட்டுப் போய், மக்கள் நெருக்கியடித்துக் கிடந்த நகரத்தில் தண்ணீர் தீரும் நிலை வந்தது. 1942 பிப்ரவரி 15 அன்று புக்கிட் தீமாவில் ஒரு கார் தொழிற்சாலையில் பிரிட்டிஷ் தளபதி ஜெனரல் பெர்சிவல் சரணடைந்தார். எதிரே உட்கார்ந்திருந்த ஜப்பானியத் தளபதி யமாஷிட்டாவிடம் அப்போது ஆள்களும் குறைவு, வெடிமருந்தும் தீரும் நிலையில் இருந்தது.

கொழும்பிலிருந்து மிட்வே வரை

இன்னொரு தவறு, ஐரோப்பா, பசிபிக், ஆசியா என்று போரைத் தனித்தனி அத்தியாயமாகப் படிப்பது. 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. கொழும்பின் மேல் குண்டு வீசிய ஜப்பானிய விமானங்களுக்குத் தலைமை தாங்கியவர் புச்சிதா. பேர்ல் துறைமுகத் தாக்குதலிலும் விமானங்களுக்குத் தலைமை அவர்தான். மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. 9ஆம் தேதி திருகோணமலை தாக்கப்பட்டது, மட்டக்களப்புக்கு அருகே ஹெர்மீஸ் என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கியது. சென்னையில் மக்கள் வீட்டைப் பூட்டிவிட்டு ஊர்ப்பக்கம் கிளம்பினார்கள். கொழும்புக்கு வந்த ஜப்பானிய விமானந்தாங்கிகள் ஐந்து. அவற்றில் அகாகி, சோர்யு, ஹிர்யு ஆகிய மூன்றும் சரியாக இரண்டே மாதத்தில் மிட்வே அருகே கடலுக்கடியில் போயின. அங்கே மூழ்கிய இன்னொரு விமானந்தாங்கியான காகா இந்தப் பக்கம் வரவில்லை. இந்துமாக்கடலில் மிரட்டியதும் மிட்வேயில் அழிந்ததும் ஒரே படையணி என்று தெரிந்தால், மிட்வே நமக்கும் தூரத்துச் செய்தி இல்லை என்பது புரியும்.

மிட்வேயைப் பற்றிச் சொல்லும்போது தவறாமல் வருவது அந்த "ஐந்து நிமிடம்". 1942 ஜூன் 4 காலை, ஜப்பானியக் கப்பல்களின் மேல்தளம் முழுக்க விமானங்கள் புறப்படத் தயாராக நின்றன, இன்னும் ஐந்து நிமிடம் கிடைத்திருந்தால் சரித்திரமே மாறியிருக்கும், அந்த நேரம் பார்த்து அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் வந்துவிட்டன என்பார்கள். பின்னாளில் ஜப்பானியக் கப்பல்களின் பதிவேடுகளை வைத்து ஆராய்ந்தவர்கள் இது சரியல்ல என்று காட்டிவிட்டார்கள். காலையிலிருந்து அமெரிக்க விமானங்கள் அலை அலையாக வந்து மோதிச் செத்துக்கொண்டிருந்தன. ஹார்னெட் கப்பலிலிருந்து போன 15 டார்பிடோ விமானங்களும் விழுந்தன, அதில் போனவர்களில் ஒரே ஒருவர்தான் உயிர் பிழைத்தார். அவர்கள் ஒரு கப்பலைக்கூட மூழ்கடிக்கவில்லை. ஆனால் ஜப்பானியக் கப்பல்கள் வளைந்து வளைந்து ஓடவும், காவல் விமானங்களை மாற்றி மாற்றி ஏற்றி இறக்கவும் வேண்டியிருந்தது. அதனால் தாக்குதல் விமானங்களைக் கீழ்த்தளத்திலிருந்து மேலே கொண்டுவரவே முடியவில்லை. எரிபொருளும் வெடிகுண்டும் ஏற்றிய விமானங்கள் கீழே நெருக்கமாக நின்றபோதுதான் மேலிருந்து குண்டு விழுந்தது. அதிர்ஷ்டம் என்று சொல்லிவிட்டால் அந்த டார்பிடோ விமானங்களில் போனவர்கள் வீணாகச் செத்தார்கள் என்றாகிவிடும்.

அதற்கு முன்னால் நடந்தவையும் உண்டு. அமெரிக்கர்கள் ஒட்டுக்கேட்ட ஜப்பானியச் சங்கேதச் செய்திகளில் "ஏ எஃப்" என்று ஓர் இடம் வந்துகொண்டே இருந்தது. அது மிட்வேதானா என்று உறுதி செய்ய, மிட்வேயில் நல்ல தண்ணீர் எந்திரம் பழுது என்று சங்கேதம் இல்லாமல் வெளிப்படையாக ஒரு செய்தி அனுப்ப வைத்தார்கள். சில நாளில் ஜப்பானிய வானொலிச் செய்தி ஒன்று பிடிபட்டது: ஏ எஃப்பில் தண்ணீர்த் தட்டுப்பாடு. அப்புறம், முந்தைய சண்டையில் பலத்த அடி வாங்கி வந்த யார்க்டவுன் என்ற விமானந்தாங்கியை மூன்றே நாளில் ஓரளவு சரிசெய்து மிட்வேக்கு அனுப்பினார்கள். அதைச் சரிசெய்த இடம், டிசம்பரில் ஜப்பானியர் விட்டுவைத்த அதே பேர்ல் துறைமுகப் பட்டறைகள்.

குளிர் மட்டும் ஜெயிக்கவில்லை

ஹிட்லரை ரஷ்யக் குளிர் தோற்கடித்தது என்று மேடைகளில்கூடச் சொல்கிறார்கள். 1941 ஜூன் 22 அன்று சுமார் 30 லட்சம் ஜெர்மானிய வீரர்கள் எல்லை தாண்டினார்கள். நவம்பர் முடிவதற்குள் இறந்தவர், காயம்பட்டவர், காணாமல் போனவர் எல்லாம் சேர்த்து அந்தப் படைக்கு 7 லட்சத்துக்கும் மேல் இழப்பு. கொடும் உறைபனி அதற்குப் பிறகுதான் வந்தது. கோடையிலேயே ஸ்மோலென்ஸ்க் அருகே சோவியத் படைகள் வாரக்கணக்கில் மோதி அவர்களை இழுத்துப் பிடித்தன. அந்த நவீனப் படையின் வண்டிகளை இழுத்தவை 6 லட்சத்துக்கும் மேற்பட்ட குதிரைகள். சோவியத் தண்டவாளம் ஜெர்மன் தண்டவாளத்தைவிட ஒன்பது சென்டிமீட்டர் அகலம் என்பதால், பிடித்த பாதையை மாற்றிப் போட்ட பிறகுதான் தங்கள் ரயிலை விட முடிந்தது. குளிர் இரண்டு பக்கத்துக்கும் ஒன்றுதான்.

இங்கே "ரஷ்யா" என்று எழுதுவதும் தவறு. அது சோவியத் யூனியன். உக்ரைனியரும் பெலாரஸ்காரர்களும் கசாக்கியரும் அதில் செத்தார்கள். பெலாரஸ் தன் மக்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவரை இழந்தது.

ஸ்டாலின்கிராட் என்றால் இடிந்த கட்டடங்களும் வீட்டுக்கு வீடு நடந்த சண்டையும்தான் நம் கண்முன் வரும். அது நடந்தது, மறுக்கவில்லை. ஆனால் ஜெர்மனியின் ஆறாவது சேனையின் விதி முடிவானது நகருக்கு வெளியே, திறந்த புல்வெளியில். 1942 நவம்பர் 19 அன்று சோவியத் படை அடித்தது நகரை அல்ல, பக்கவாட்டில் பலவீனமாக நின்ற ருமேனியப் படைகளை. நான்கு நாளில் மேற்கே கலாச் அருகே சோவியத் படையின் இரண்டு கரங்களும் சேர்ந்து வளையம் மூடிவிட்டது. பிப்ரவரியில் சரணடைந்தவர்கள் சுமார் 91,000 பேர். அவர்களில் ஊர் திரும்பியவர்கள் ஆறாயிரம் பேர்கூட இல்லை.

ஒரு சண்டையில் யார் அதிகம் இழந்தார்கள் என்பதை வைத்து யார் ஜெயித்தார்கள் என்று முடிவு கட்டுவதும் ஆபத்து. 1943 ஜூலை 12, குர்ஸ்க் போரில் ப்ரோகோரோவ்காவில் சோவியத் டாங்கிகள் ஜெர்மனியைவிட மிக அதிகமாக அழிந்தன. சில தங்கள் பக்கமே தோண்டியிருந்த அகழிக்குள் போய் விழுந்தன. இருந்தும் குர்ஸ்க் தாக்குதலை நிறுத்தியது ஜெர்மனி. அதன்பிறகு கிழக்கில் அதனால் பெரிய தாக்குதல் எதையும் தொடுக்க முடியவில்லை.

1944 ஜூன் 6 நார்மண்டி தரையிறக்கத்தை எல்லோருக்கும் தெரியும். முதல் நாளே ஒன்றரை லட்சம் பேர் இறங்கினார்கள், அந்தத் துணிச்சலைக் குறைக்கவே முடியாது. ஆனால் அதே மாதம் 22ஆம் தேதி பெலாரஸில் சோவியத் படை தொடங்கிய பக்ராத்தியோன் தாக்குதலை எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறோம்? ஜெர்மனியின் நடுப் படைத்தொகுதி சில வாரங்களில் சிதறியது. ஜூலை 17 அன்று பிடிபட்ட 57,000 ஜெர்மானியர்களை மாஸ்கோ தெருக்களில் நடத்திப் போனார்கள். மக்கள் இரு பக்கமும் நின்று பார்த்தார்கள். அவர்கள் போன பிறகு தண்ணீர் லாரிகள் வந்து தெருவைக் கழுவின. ஜெர்மனிய ராணுவம் இழந்த உயிர்களில் பெரும்பகுதி கிழக்கில்தான் போனது என்பதைச் சொல்லாமல் நார்மண்டியை மட்டும் எழுதினால் அது பாதிப் போர்.

மொழிபெயர்க்கும்போது

தமிழில் எழுதுகிற நமக்கே உரிய தவறு ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் "கேஷுவால்டி" என்று வரும் எண்ணை "பலி" என்று போட்டுவிடுகிறோம். ராணுவக் கணக்கில் அது இறந்தவர், காயம்பட்டவர், காணாமல் போனவர், சில சமயம் சிறைபிடிக்கப்பட்டவர் எல்லாரையும் சேர்த்தது. "இழப்பு" என்று எழுதலாம், "உயிரிழப்பு" என்று எழுதக்கூடாது. 1944இல் இந்தியாவின் வடகிழக்கில் நடந்த இம்பால்–கோஹிமா படையெடுப்பில் ஜப்பானுக்கு சுமார் 53,000 இழப்பு. அதில் இறந்தவர்கள் சுமார் 30,000. அவர்களில் மிகப் பலரைக் கொன்றது பசியும் நோயும். மில்லியன் என்றால் பத்து லட்சம் என்பதையும் ஒவ்வொரு முறையும் விரல் விட்டு எண்ணுங்கள். இந்திய ராணுவத்தில் சேர்ந்த 25 லட்சம் பேர், அவசரத்தில் எழுதிய கட்டுரையில் இரண்டரை லட்சமாகச் சுருங்கியதைப் பார்த்திருக்கிறேன்.

அந்த 25 லட்சத்தை மறந்து கோஹிமாவை "பிரிட்டிஷாருக்கும் ஜப்பானியருக்கும் நடந்த சண்டை" என்று எழுதுவது எனக்கு வருத்தம் தரும் தவறு. பிரிட்டிஷ் தளபதி ஜெனரல் ஸ்லிம்மின் 14ஆவது சேனையில் பெரும்பாலோர் இந்தியர்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் ஜப்பானியரோடு வந்த இந்திய தேசிய ராணுவத்திலும் இந்தியர்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து நம்மவர்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்தது அந்த ராணுவத்தில்தான். இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுத மனம் கூசுகிறதே என்று ஒன்றை விட்டுவிடக்கூடாது.

ஜப்பானியர் மூன்று வாரச் சாப்பாட்டோடு மலை ஏறி வந்தார்கள், மிச்சத்தை இம்பாலின் கிடங்குகளைப் பிடித்து எடுத்துக்கொள்ளலாம் என்று. கிடங்குகள் கிடைக்கவில்லை. கோஹிமாவில் துணை ஆணையர் பங்களாவின் டென்னிஸ் மைதானம் எல்லைக்கோடாகிவிட்டது. ஒரு ஓரத்தில் இவர்கள், மறு ஓரத்தில் அவர்கள், நடுவே கையெறி குண்டுகள். ஜூன் 22 அன்று 109ஆவது மைல்கல்லில், அடைபட்டிருந்த இம்பால் சாலை மறுபடி திறந்தது.

அந்த மைதானம் இன்று கோஹிமாப் போர்க் கல்லறைக்குள் இருக்கிறது. கோடுகளை வெள்ளைக் கான்கிரீட்டில் அப்படியே பதித்து வைத்திருக்கிறார்கள். சுற்றிலும் 1,420 கல்லறைகள். மேல் பக்கம், தங்கள் மத வழக்கப்படி எரியூட்டப்பட்ட 917 இந்து, சீக்கிய வீரர்களின் பெயர்கள்.