பெயர், விலாசம், பிறகுதான் பெட்டி: திருகோணமலையில் இருந்து பிரித்தானியாவுக்குப் படிக்கப் போகிறவர்களுக்கு

விசா கிடைத்தது என்று தெரிந்த அன்றே வீட்டில் பெட்டி கட்டத் தொடங்கிவிடுவார்கள். தூள் வறுத்து இடிப்பது ஒருபக்கம், கருவாடு காயப்போடுவது ஒருபக்கம், ஆளுக்கொரு பார்சலோடு வந்து நிற்கிற சொந்தக்காரர் இன்னொரு பக்கம். பெட்டி எப்படியும் போய்ச் சேரும். போனபிறகு மாதக்கணக்கில் ஆளை அலைக்கழிக்கிறவை பெயரும் விலாசமும்தான். வங்கி, வீட்டு ஒப்பந்தம், வேலை எல்லாம் இந்த இரண்டிலும் தொங்குகின்றன. ஆகவே முதலில் இவை, மற்றவை பிறகு.

பெயர்

எங்கள் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் என்று தனியாக ஒன்று இல்லை. அப்பாவின் பெயரும் தன் பெயரும்தான். பாஸ்போட்டிலோ குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம், ஏனைய பெயர்களுக்கு ஒரு கட்டம். அப்பாவின் பெயர் எந்தக் கட்டத்தில் விழுந்திருக்கிறது என்று எடுத்துப் பாருங்கள். கிண்ணியா, மூதூர்ப் பக்கத்துப் பிள்ளைகளில் ‘முகம்மது’ என்று தொடங்குகிற பெயர் உள்ளவர்களுக்குக் குழப்பம் இன்னும் கூட. எப்படி இருந்தாலும் பாஸ்போட்டில் உள்ளதே சட்டப் பெயர். பல்கலைக்கழக விண்ணப்பம், விசா, வங்கி, வாடகை ஒப்பந்தம் எல்லாவற்றிலும் அதே வரிசை, அதே எழுத்து. ‘எச்’ ஒன்று கூடினாலும் கணினி வேறு ஆள் என்றுதான் எடுத்துக்கொள்ளும்.

பிறப்புச் சான்றிதழ் தமிழில் இருந்தால் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுக்கும்போது பாஸ்போட் பிரதியையும் சேர்த்துக் கொடுங்கள். கொடுக்காவிட்டால் அவர் தனக்குச் சரியென்று பட்ட எழுத்துக்கூட்டில் பெயரை எழுதிவிடுவார். மூலச் சான்றிதழிலேயே பெயர் வேறாக இருந்தால், இரண்டும் ஒருவரே என்று ஒரு சத்தியக்கடதாசி முடித்து வைத்துக்கொள்ளுங்கள். ஊரில் இருக்கும்போது ஒரு நாள் வேலை. அங்கே போனபின் அம்மாவை அலைய விட வேண்டிவரும்.

விரிவுரையாளர் உங்களை அப்பாவின் பெயரால் கூப்பிடுவார். சிலர் ஒரு வருடம் முழுக்கப் பொறுத்துக்கொண்டு இருந்துவிடுகிறார்கள். தேவையில்லை: பல்கலைக்கழகப் பதிவுப் பக்கத்தில் அழைக்க விரும்பும் பெயர் என்று ஒரு கட்டம் பெரும்பாலும் இருக்கும், அதில் உங்கள் பெயரை இடுங்கள். பட்டச் சான்றிதழில் சட்டப் பெயர்தான் வரும்.

பிரித்தானியாவில் விசா அட்டை இப்போது இல்லை. 2024 முடிவோடு அது நின்று, எல்லாம் இணையக் கணக்கில் இருக்கிற ஈவிசா. புறப்படுமுன் அந்தக் கணக்கில் உள்நுழைந்து பெயர், பிறந்த திகதி, பாஸ்போட் எண், விசா முடிகிற திகதி நான்கையும் சரிபாருங்கள். பிழை இருந்தால் உடனே திருத்தம் கேளுங்கள். இங்கே ஒரு பொறி உண்டு. கணக்கைத் திறந்தது ஏஜென்சிக்காரரின் ஈமெயிலில் என்றால் பிறகு உள்ளே போக அவரிடம் கெஞ்ச வேண்டிவரும். சொந்த ஈமெயில்தான் இருக்க வேண்டும்.

ஊர் சிம்மைத் தூக்கி எறிய வேண்டாம். இலங்கை வங்கிக் கணக்கின் இரகசிய எண் அதற்குத்தான் வரும். ரோமிங்கைத் திறந்து, கொஞ்சம் ரீலோட் போட்டு, போனின் இரண்டாவது இடத்தில் செருகி வையுங்கள்.

விலாசம்

லண்டனில் ஈஸ்ட் ஹாமிலோ வெம்பிளியிலோ தெரிந்தவர் வீட்டில் அறை இருக்கிறது, மாதாமாதம் கையில் காசு கொடுத்தால் போதும் என்று ஒரு வழி எப்போதும் வரும். மலிவு, சோறும் கிடைக்கும். ஆனால் ஒப்பந்தம் இல்லை என்றால் அந்த விலாசத்துக்குச் சான்று இல்லை. வீட்டுக்காரர் தன் பெயரில் மட்டும் எடுத்த வீட்டை உங்களுக்கு விட்டிருந்தால் எழுதித் தரவும் மாட்டார். முதல் வருடம் பல்கலைக்கழக விடுதியே நல்லது என்பது எங்கள் அபிப்பிராயம். வாடகை கூடத்தான், ஆனால் போன அன்றே விலாசம் உறுதி. வங்கிக் கணக்குத் திறக்கிற கடிதத்தைப் பல்கலைக்கழகமே தரும். அந்தக் கடிதத்தில் அறை எண், தபால் குறியீடு வரை சரியாக இருக்கிறதா என்று வாங்கிய இடத்திலேயே வாசித்துப் பாருங்கள்.

வெளியே வீடு எடுப்பதானால் பார்க்காத வீட்டுக்கு முற்பணம் அனுப்பக்கூடாது. வட்ஸ்அப்பில் படம் காட்டி, சாவி தபாலில் வரும் என்கிறவர் மோசடிக்காரர். இங்கிலாந்தில் வழமையான வாடகை வீட்டுக்கு வைப்புப் பணம் ஐந்து கிழமை வாடகைக்கு மேல் கேட்க முடியாது. கிழமைக்கு 150 பவுண் என்றால் உச்சம் 750. வாங்கிய 30 நாளுக்குள் அதை அரசு அங்கீகரித்த பாதுகாப்புத் திட்டம் ஒன்றில் போட்டு, விபரத்தை உங்களுக்குத் தர வேண்டும். சாவி வாங்கிய அன்றே சுவர், மெத்தை, அடுப்பு, கதவுப் பிடி எல்லாவற்றையும் திகதியோடு படம் எடுத்து ஈமெயிலில் அனுப்பி வையுங்கள். வெளியேறும்போது பணம் பிடிப்பது பெரும்பாலும் கறை, பூஞ்சணம் என்ற பெயரில்தான்.

அந்தப் பூஞ்சணம் எங்கள் பிள்ளைகளின் அறையில் ஏன் வருகிறது என்றால், உடுப்பை அறைக்குள் காயப்போட்டு, குளிருக்கு யன்னலை இறுக்கி மூடுவதால். ஈரம் குளிர்ந்த சுவரில் தண்ணீராகப் படிகிறது. நிலாவெளிக் காற்றில் ஒரு மணித்தியாலத்தில் காய்கிற சாரம் அங்கே டிசம்பரில் இரண்டு நாள் எடுக்கும். உலர்த்தும் மெசினுக்குக் காசு போடுங்கள், அல்லது காலை பத்து நிமிடமாவது யன்னலைத் திறந்து வையுங்கள்.

முழுநேர மாணவர்கள் மட்டும் இருக்கிற வீட்டுக்கு உள்ளூராட்சி வரி இல்லை. ஆனால் விலக்குத் தானாக வராது. மாணவர் என்ற கடிதத்தைக் கவுன்சிலுக்கு அனுப்ப வேண்டும். மாணவர் அல்லாத ஒருவர் வீட்டில் இருந்தால் பில் வரும், 25 சதவீதக் கழிவோடு.

டொக்டர்

விசாவோடு ஆண்டுக்கு 776 பவுண் சுகாதாரக் கட்டணம் ஏற்கெனவே கட்டியிருப்பீர்கள். அதனால் குடும்ப டொக்டரிடம் பதிவதற்குக் காசு இல்லை. போன முதல் கிழமையே பதியுங்கள். விலாசச் சான்று இல்லை என்று திருப்பி அனுப்ப அவர்களுக்கு உரிமை இல்லை. காய்ச்சல் வந்தபின் பதியப் போனால் முறை கிடைக்க நாள் எடுக்கும். அவசரம் இல்லாத சந்தேகத்துக்கு 111, உயிராபத்துக்கு 999.

பல்லும் கண்ணாடியும் அந்தக் கட்டணத்துக்குள் இலவசமாக வராது. சொத்தைப் பல் இருந்தால் ஊரிலேயே அடைத்துக்கொண்டு போங்கள், மாற்றுக் கண்ணாடி ஒன்றும் எடுங்கள். ஆஸ்துமா, நீரிழிவு போன்றவை இருந்தால் கிளினிக் கொப்பி மட்டும் போதாது. மருந்தின் வேதியப் பெயரும் அளவும் எழுதிய ஆங்கிலக் கடிதம் ஒன்றை டொக்டரிடம் வாங்குங்கள், எங்கள் கடை வர்த்தகப் பெயர் அங்கே ஒருவருக்கும் தெரியாது. குளிர்காலத்தில் பின்னேரம் நாலு மணிக்கே இருட்டிவிடும். நாளுக்கு 10 மைக்ரோகிராம் விற்றமின் டி எடுக்கும்படி அந்த நாட்டுச் சுகாதார சேவையே சொல்கிறது; கறுப்புத் தோல்காரருக்கு வருடம் முழுக்க.

குசினியும் அலாரமும்

முதலில் பெட்டிக்குள் என்ன போகும் என்பது. இறைச்சியும் பால் பொருளும் பிரித்தானியாவுக்குத் தடை, அதனால் நெய்ப் போத்தலை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். பச்சைக் கறிவேப்பிலையும் வேண்டாம். வறுத்த தூள் ஒரு கிலோ மூன்று நாலு மாதம் தாங்கும். இரண்டு பொலித்தீன் பை சுற்றி, கையில் கொண்டுபோகாமல் பெரிய பெட்டியில் வையுங்கள். அவுஸ்திரேலியா போகிறவர்கள் உணவு எதுவானாலும் அட்டையில் அறிவிக்க வேண்டும். அறிவித்தால் அதிகம் போனால் பொருளை எடுத்துவிடுவார்கள், மறைத்தால் தண்டம்.

எங்கள் 13 அம்பியர் சதுர முள்ளுப் பிளக் பிரித்தானியாவில் அப்படியே பொருந்தும், மின்னழுத்தமும் 230 வோல்ட்தான். ஆகவே ரைஸ் குக்கர் வேலை செய்யும், விடுதி அனுமதித்தால். கனடாவுக்கு அதைக் கட்டிக்கொண்டு போகவே வேண்டாம். அங்கே 120 வோல்ட். மின்னழுத்தம் பாதியானால் சூடு காற்பங்குதான், அரிசி ஊறும், வேகாது.

விடுதிக் குசினியில் பெரும்பாலும் வெப்பத்தை உணர்கிற கருவி இருக்கும். நடைபாதையிலும் அறையிலும் புகையை உணர்கிறது. குசினிக் கதவு தானாக மூடிக்கொள்வது தீயும் புகையும் அந்தப் பக்கம் போகாமல் தடுக்கத்தான். அந்தக் கதவைக் கதிரை வைத்துத் திறந்துவிட்டுச் செத்தல் மிளகாய் தாளித்தால், முழுக் கட்டடமும் இரவு உடுப்போடு வெளியே வந்து நிற்கும். கதவை மூடுங்கள், காற்றாடியைப் போடுங்கள், எண்ணெயை நடுத்தரச் சூட்டுக்கு மேல் விடாதீர்கள். முதலில் கடுகு, மூடி போட்டு. வெடித்து அடங்கியதும் வெங்காயம். மிளகாய் கடைசியில், பத்து விநாடி. உடனே பருப்பில் கொட்டுங்கள். கருவியைப் பொலித்தீனால் மூடிக் கட்டுவது விடுதியில் இருந்து வெளியேற்றுகிற அளவுக் குற்றம்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு பானை சோறு ஆக்கி வியாழன் வரை சாப்பிடுகிற பழக்கத்துக்குப் போக வேண்டாம். சோற்றில் இருக்கிற கிருமியின் வித்து வேகவைத்தாலும் சாகாது. அறைச் சூட்டில் வளர்ந்து நஞ்சு விடும், மறுபடி சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. ஒரு மணித்தியாலத்துக்குள் ஆறவைத்துப் பிரிஜ்ஜில் வைத்து, அடுத்த நாளுக்குள் முடியுங்கள். கறியை வேண்டுமானால் மொத்தமாகச் சமைத்து, பங்கு பிரித்து உறையவிடலாம்.

படிப்பு

உயர்தரத்தில் 75 எடுத்தால் ஏ. பிரித்தானியாவில் 70 எடுத்தாலே முதல் வகுப்பு, 60க்கு மேல் நல்ல பெறுபேறு. இளமாணிக்குச் சித்தி 40, முதுமாணிக்குப் பொதுவாக 50. முதல் கட்டுரைக்கு 58 வந்தால் அழ ஒன்றும் இல்லை.

அழ வேண்டிவருவது வேறு இடத்தில். ரியூசன் கொப்பியைப் பாடமாக்கி அப்படியே எழுதுவது எங்களுக்குத் திறமை. அங்கே மூலம் சொல்லாமல் எழுதினால் களவு, மென்பொருள் ஒத்த வரிகளை நிறம் பூசிக் காட்டிவிடும். பலனளிக்கிற ஒரு முறை: ஒரு பகுதியை வாசியுங்கள், புத்தகத்தை மூடுங்கள், பக்கத்தில் இருக்கிற தங்கச்சிக்குச் சொல்வது போலத் தமிழில் சொல்லிப் பாருங்கள், பிறகு ஆங்கிலத்தில் எழுதி மூலத்தைக் குறிப்பிடுங்கள். தமிழ் மொழிமூலம் படித்தவருக்கு இது பலவீனமே இல்லை. விளங்காததைத் தமிழில் சொல்ல வராது.

வேலை முடிக்க நேரம் போதாவிட்டால் கடைசித் திகதிக்கு முன் கேளுங்கள். ஊரில் சாவு நடந்தால் சலுகை உண்டு, ஆனால் ஆதாரம் கேட்பார்கள். மரணச் சான்றிதழின் ஆங்கில மொழிபெயர்ப்பை வீட்டார் படம் எடுத்து அனுப்பினால் போதும். சொல்லாமல் வகுப்புக்குப் போகாமல் இருந்தால் விசாவுக்குப் பொறுப்பான பல்கலைக்கழகம் அதைக் குடிவரவுக்கு அறிவிக்கக் கடமைப்பட்டது.

வேலையும் காசும்

பட்டப்படிப்பு விசாவில் தவணைக் காலத்தில் கிழமைக்கு 20 மணித்தியாலம், திங்கள் முதல் ஞாயிறு வரை. ஒரு கிழமை 12, மறுகிழமை 28 என்று சராசரி பார்க்க முடியாது. இரண்டு கடையில் செய்தால் இரண்டும் கூட்டித்தான், சம்பளச் சீட்டு இல்லாத வேலையும் கணக்கில் சேரும். அவுஸ்திரேலியாவில் இரண்டு கிழமைக்கு 48, கனடாவில் வளாகத்துக்கு வெளியே கிழமைக்கு 24. ஒரு வருட முதுமாணிக்காரர் விழுகிற குழி கோடைகாலம்: இளமாணிப் பிள்ளைகளுக்கு அது விடுமுறை, உங்களுக்கு ஆய்வுக் கட்டுரைக் காலம். 20 தான்.

சுயதொழில் செய்ய இந்த விசாவில் அனுமதி இல்லை. சைக்கிளில் சாப்பாடு கொண்டுபோகிற அப் வேலை அதற்குள்தான் அடங்கும், மற்றவரின் கணக்கை வாடகைக்கு எடுத்து ஓடுவது இன்னும் பிழை.

கடைசியாக, “உன்னுடைய கணக்கில் ஐயாயிரம் பவுண் போடுகிறேன், எடுத்து இன்னாரிடம் கொடு, உனக்கு இருநூறு” என்று உண்டியல் பாணியில் ஒருவர் கேட்பார், அநேகமாகத் தமிழில், மிக அன்பாக. அது கறுப்புப் பணம் கடத்துகிற வேலை. கணக்கு மூடப்படும், வேறு வங்கியும் திறக்காது, சட்டத்தில் உச்சத் தண்டனை 14 வருடம். கேட்காமலே கணக்கில் தெரியாத காசு விழுந்தால் அதைத் தொடாமல் வங்கிக்கு அறிவியுங்கள். போட்டவரே போன் எடுத்து, தவறி வந்துவிட்டது, திருப்பி அனுப்பு என்றாலும் நீங்களாக அனுப்ப வேண்டாம். அதை வங்கி செய்யட்டும்.