மூக்கு-ஈறு சீரமைப்புத் தட்டு: பிளவுடன் பிறந்த குழந்தைக்கு வீட்டில் செய்ய வேண்டியவை

என் மகன் இடப்பக்க உதடும் ஈறும் அண்ணமும் பிளவுபட்டுப் பிறந்தான். அறுவை சிகிச்சைக்கு முன் ஈற்றுப் பிளவைக் குறைத்து மூக்கைச் சீராக்க வாயில் பொருத்தும் அக்ரிலிக் (ஒருவகை பிளாஸ்டிக்) தட்டை ஒன்பதாம் நாள் பொருத்தியதிலிருந்து நான்காம் மாதம் உதட்டு அறுவை சிகிச்சை நடக்கும் வரை, விழுப்புரத்திலிருந்து சென்னைக்கு வாரந்தோறும் சென்று வந்தோம். மருத்துவர் பார்ப்பது வாரத்தில் அரை மணி நேரம்தான். மீதி நேரமெல்லாம் சிகிச்சை பெற்றோரின் கையில் நடக்கிறது. கிரகணத்தில் தாய் வெளியே வந்ததால்தான் இப்படி ஆயிற்று என்று யார் சொன்னாலும் மனத்தில் ஏற்றிக்கொள்ளாதீர்கள். கருவின் தொடக்க மாதங்களில் உதட்டின் பகுதிகள் ஒன்றுசேராமல் நின்றுவிடுவதால் உண்டாவது இது. தாயின் குற்றம் இதில் எதுவும் இல்லை.

முதலில், காலம் தாழ்த்தாதீர்கள். முடிந்தவரை முதல் இரண்டு வாரங்களுக்குள் பல் சீரமைப்பு மருத்துவரைப் பாருங்கள். தாயிடமிருந்து வந்த ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனின் தாக்கத்தால் பச்சிளங்குழந்தையின் மூக்குக் குருத்தெலும்பு சில வாரங்கள் வரை களிமண்போல் வளைந்துகொடுக்கும். நியூயார்க் பல்கலைக்கழகத்தில் பேரி கிரேசனும் அவர் குழுவினரும் 1993இல் அறிமுகப்படுத்திய இந்த முறை, அந்த இளக்கத்தைத்தான் பயன்படுத்திக்கொள்கிறது.

அடுத்தது, தட்டுச் செய்வதற்காகக் குழந்தையின் வாயை அச்செடுத்தல். மயக்க மருந்தின்றி, குழந்தை விழித்திருக்கும்போதே எடுப்பார்கள். குழந்தை அழும், மூச்சுப்பாதை திறந்திருப்பதை அந்த அழுகையே காட்டுவதால் கலங்க வேண்டாம். அவசர உதவி உடனே கிடைக்கும் மருத்துவமனையில் மட்டும் இதைச் செய்துகொள்ளுங்கள்.

மூன்றாவது, டேப் ஒட்டுதல். நான் தவறியது இங்கேதான். தட்டின் முன்புறம் நீட்டியிருக்கும் குமிழில் சிறு ரப்பர் வளையங்களை மாட்டி, அவற்றை டேப்பால் இரு கன்னங்களிலும் இழுத்து ஒட்ட வேண்டும். இரண்டாம் வாரத்தில் ஒரு நாள் காய்ந்திருந்த டேப்பை அப்படியே உரித்தேன். அதோடு கன்னத்துத் தோலும் வந்துவிட்டது. புண் ஆறும் வரை நான்கு நாள் தட்டு அணிவிக்க முடியவில்லை, அதற்குள் ஈறு நகர்ந்து தட்டுப் பொருந்தாமல் போயிற்று. ஆகையால் கன்னத்தில் நேரடியாக டேப் ஒட்டாதீர்கள். புண்ணுக்கு ஒட்டும் ஹைட்ரோகொலாய்டு பட்டையைச் சிறு துண்டாக வெட்டி, முனைகளை வட்டமாக்கி, அடித்தளமாக ஒட்டுங்கள். அது சில நாள் அப்படியே இருக்கட்டும். அதன்மேல் ஒட்டும் மெல்லிய டேப்பை மட்டும் தினமும் மாற்றினால் போதும். நான் டியோடெர்ம் பட்டையும் ஸ்டெரி-ஸ்ட்ரிப் டேப்பும் பயன்படுத்தினேன். சாதாரணப் பிளாஸ்டர்களை நான் பரிந்துரைக்க மாட்டேன், அவற்றின் பசை பிஞ்சுத் தோலுக்குக் கடுமையானது. அடித்தளத்தை எடுக்கும்போது வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சை ஐந்து நிமிடம் வைத்து ஊறவிட்டு, தோலை ஒரு விரலால் அழுத்திக்கொண்டு, மெதுவாக மடித்து உரியுங்கள். புதியதை முன்பிருந்த இடத்திலிருந்து சற்றுத் தள்ளி ஒட்டுங்கள். ரப்பர் வளையம் தன் இயல்பான அளவைப்போல் இரு மடங்கு நீண்டால் போதும். கூடுதலாக இழுத்தால் விரைவில் பலன் கிடைக்கும் என்று நினைக்காதீர்கள், ஈறுகளில் புண்தான் வரும். இழுப்பு கன்னத்தின் பின்புறமாகவும் சற்று மேல்நோக்கியும் செல்ல வேண்டும். கிடையாக இழுத்தால் தட்டு நழுவிவிடும்.

பால் கொடுக்கும்போதும் தட்டு வாயிலேயே இருக்கட்டும். அண்ணப் பிளவுள்ள குழந்தையால் பெரும்பாலும் உறிஞ்சிக் குடிக்க முடியாது என்பதால், பீய்ச்சிய தாய்ப்பாலைத் தலையை உயர்த்திப் பிடித்துப் பாலாடையில் புகட்டினேன். அழுத்திப் புகட்டும் மென்மையான புட்டியும் உண்டு. எனக்குப் பாலாடையே பிடித்திருந்தது, கழுவுவது எளிது, பால் போகும் வேகமும் நம் கையில் இருக்கும். காற்று அதிகம் உள்ளே போகும், ஆகவே இடையிடையே தோளில் போட்டு ஏப்பம் விட வையுங்கள்.

தினம் ஒருமுறை தட்டைக் கழற்றி, மென்மையான தூரிகையால் வெதுவெதுப்பான நீரில் கழுவுங்கள். கொதிநீர் கூடாது, அக்ரிலிக் வளைந்துவிடும். அப்போதே ஈற்றில் சிவப்போ புண்ணோ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அடுத்த வாரம் வரை காத்திராமல் மருத்துவரை அழையுங்கள், அந்த இடத்தில் தட்டைச் சிறிது தேய்த்துக் கொடுப்பார். தட்டின் நடுவிலுள்ள துளை, தட்டு நழுவினாலும் மூச்சுப் போவதற்காக வைக்கப்பட்டது. தட்டு நழுவாமலிருக்க ஒட்டும் பசை பூசினால் அந்தத் துளையை அடைத்துவிடாதீர்கள்.

ஈற்றுப் பிளவு 5 மி.மீ. அளவுக்குக் குறைந்த பிறகே மூக்கைத் தூக்கும் கம்பியைச் சேர்ப்பார்கள். முன்பே சேர்த்தால் நாசித்துளை அளவுக்கு மீறி விரிந்துவிடும் என்பதால், விரைவுபடுத்தும்படி மருத்துவரை வற்புறுத்த வேண்டாம்.

பின்சேர்க்கை: சித்திரை வெயிலில் வியர்வையால் டேப் நிற்பதில்லை என்று இருவர் எழுதியிருந்தார்கள். பவுடர் போடாதீர்கள், பசை பிடிக்காது. ஈரத்துணியால் துடைத்து, நன்றாக உலரவிட்டு, குழந்தை உறங்கும்போது ஒட்டுங்கள். கைகளுக்கு உறை போட்டுவிட்டால் டேப்பைப் பிடித்து இழுக்கவும் மாட்டார்கள். அருகில் இந்தச் சிகிச்சை கிடைக்காதவர்கள் கேட்டதற்கு: எல்லா மையங்களிலும் இதைச் செய்வதில்லை, இது இல்லாமலும் உதட்டு அறுவை சிகிச்சை செய்கிறார்கள். தட்டுக்காக அறுவை சிகிச்சை நாளைத் தள்ளிப்போட வேண்டாம். மருத்துவர் சொல்லும் எடை வருவதற்கான பாலூட்டலில் கவனத்தை வையுங்கள்.