ஹெல்மெட் கடைசியில்தான்: பணியிடப் பாதுகாப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பணியிடப் பாதுகாப்பு என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது ஹெல்மெட்டும் கையுறையும்தான். நிர்வாகமும் அவற்றை வாங்கிக் கொடுத்து, பதிவேட்டில் கையெழுத்தும் வாங்கிக்கொண்டால் கடமை முடிந்தது என்று இருந்துவிடுகிறது. முதல் தவறே இதுதான். மேலிருந்து சாமான் விழுகிற இடம் என்று தெரிந்தால், அது ஏன் விழுகிறது என்றல்லவா முதலில் கேட்க வேண்டும்?

இதற்கென்று ஒரு வரிசை உண்டு. ஆபத்தையே இல்லாமல் செய்ய முடியுமா என்று பார்ப்பது முதல் படி. முடியாவிட்டால், ஆபத்து குறைந்த பொருளையோ முறையையோ கொண்டுவர வேண்டும். அதுவும் இயலாதபோது ஆளுக்கும் ஆபத்துக்கும் நடுவே தடுப்பு வைக்க வேண்டும். வேலை முறை, நேரம், பயிற்சி ஆகியவற்றைச் சீராக்குவது அதற்கு அடுத்தது. உடம்பில் மாட்டிக்கொள்கிறவை எல்லாம் கடைசிப் படி. ஏனென்றால் அவை ஆபத்தைத் தடுப்பதில்லை. அது நம்மை வந்தடைந்த பிறகு அடியின் வேகத்தைக் குறைக்கின்றன, அவ்வளவுதான்.

இரைச்சலைப் பாருங்கள். 85 டெசிபல் இரைச்சலில் ஒரு நாளைக்கு 8 மணி நேரத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்பது பரவலாக ஏற்கப்பட்ட அளவு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் ஒலியின் ஆற்றல் இரு மடங்காகிறது. எனவே 88 டெசிபலில் 4 மணி நேரம், 91 டெசிபலில் 2 மணி நேரம்தான் தாங்கலாம். பல இடங்களில் இயந்திரத்தின் மூடியில் தளர்ந்துபோன இரண்டு போல்ட்டுகளை முறுக்கினாலே இரைச்சல் கணிசமாக இறங்கிவிடும். அதைச் செய்யாமல் எல்லோர் காதிலும் பஞ்சை அடைக்கச் சொல்கிறோம்.

மாட்டிக்கொள்வதிலும் தவறுகள் குறைவில்லை. சுழலும் டிரில்லிங் மெஷினிலும் லேத்திலும் கையுறை போடவே கூடாது. நூல் சிக்கினால் கையையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். தூசிக்கான முகமூடி பெயின்ட், தின்னர் ஆவியைத் தடுக்காது. தாடி இருந்தால் முகத்தோடு ஒட்ட வேண்டிய முகமூடி ஒட்டாது. ஒருமுறை பலமாக அடி வாங்கிய ஹெல்மெட், விரிசல் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும், குப்பைக்குப் போக வேண்டியதுதான்.

என்னைக் கேட்டால், இருப்பதிலேயே அபாயமான சொல் "அஞ்சு நிமிஷ வேலைதான்" என்பது. கன்வேயர் பெல்ட்டில் பொருள் சிக்குகிறது. ஆபரேட்டர் சுவிட்சை அணைத்துவிட்டு, உருளைக்கு அடியில் கையை விடுகிறார். பத்தடி தள்ளி நிற்கிற இன்னொருவருக்கு இது தெரியாது. பெல்ட் ஏன் நிற்கிறது என்று பேனலைப் பார்க்கிறார், அணைந்திருக்கிறது, போட்டுவிடுகிறார். இருவர் மீதும் குற்றம் சொல்ல முடியாது. மெயின் சுவிட்சில் ஒரு பூட்டு இல்லாததுதான் குறை. உள்ளே கை வைக்கிறவர் தன் பூட்டைத் தானே போட்டு, சாவியைத் தன் பையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். நான்கு பேர் வேலை செய்தால் நான்கு பூட்டுகள். பூட்டிய பிறகு ஒருமுறை ஸ்டார்ட் பொத்தானை அழுத்தி, இயந்திரம் ஓடவில்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். தவறான சுவிட்சைப் பூட்டிவிட்டு நிம்மதியாக உள்ளே போனவர்கள் உண்டு. மின்சாரம் நின்றாலும் கெப்பாசிட்டரில் மின்னேற்றம் இருக்கும், குழாயில் அழுத்தம் இருக்கும், தூக்கி நிறுத்திய பாரம் இறங்கக் காத்திருக்கும். அவற்றையும் வடித்து, இறக்கி, முட்டுக்கொடுத்த பிறகுதான் வேலை.

செய்தி கைமாறாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு வடகடலில் இருந்த பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடை சாட்சி. 1988 ஜூலை 6 அன்று ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வைப் பராமரிப்புக்காகக் கழற்றி, அந்த இடத்தில் தற்காலிக மூடி போட்டிருந்தார்கள். வால்வு இல்லை என்ற தகவல் இரவு ஷிஃப்டுக்குப் போய்ச் சேரவில்லை. மற்றொரு பம்ப் நின்றுபோனதும் இதை ஓட்டினார்கள். வாயு கசிந்தது, வெடித்தது, 167 பேர் இறந்தார்கள். அந்தப் பராமரிப்பு வேலைக்கான அனுமதிச் சீட்டு எழுதப்பட்டிருந்தது. பார்க்க வேண்டியவர் கண்ணில்தான் படவில்லை. ஷிஃப்ட் மாறும்போது இயந்திரத்தின் பக்கத்திலேயே நின்று நேருக்கு நேர் சொல்லிவிட்டுப் போவதற்கு ஈடு எதுவும் இல்லை.

தொட்டி, கழிவுநீர்க் குழி, பழைய கிணறு போன்ற அடைபட்ட இடங்களில் நடப்பது இன்னும் கொடுமை. காற்றில் ஆக்சிஜன் 20.9 சதவீதம் இருக்கும். 19.5 சதவீதத்துக்குக் கீழே போனால் அது மூச்சுவிடத் தகுந்த இடமல்ல. நன்றாகக் குறைந்திருந்தால் எந்த எச்சரிக்கையும் கிடைக்காது, ஆள் சரிந்துவிடுவார். "வாடை வரவில்லை, இறங்கலாம்" என்பதும் தவறு. அழுகிய முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடு, அளவு கூடினால் மூக்கின் உணர்வையே மழுங்கடித்துவிடும். விளக்கை இறக்கிப் பார்ப்பதும் கூடாது. உள்ளே மீத்தேன் இருந்தால் அந்தச் சுடரே வெடிக்க வைக்கும். சிலிண்டரிலிருந்து ஆக்சிஜனைப் பாய்ச்சுவது அதைவிட மோசம்: துணியும் எண்ணெய்ப் பிசுக்கும் பஞ்சாகப் பற்றிக்கொள்ளும். வாயு அளக்கும் கருவி, விசிறி, இடுப்பு வாரோடு கயிறு, மேலே நகராமல் நிற்கும் ஓர் ஆள் ஆகிய அனைத்தும் இறங்குவதற்கு முன்பே தயாராக இருக்க வேண்டும். விழுந்தவரைக் காப்பாற்ற வெறுமனே குதிப்பவர் இரண்டாவது பிணமாகிறார். அண்ணன் விழ, தம்பி இறங்க, பின்னாலேயே இன்னொருவர் என்று செய்தித்தாளில் எத்தனை முறை படித்திருக்கிறோம்!

சின்னதாகத் தெரிகிற சிலவும் உண்டு. ஏணியை நான்கடி உயரத்துக்கு ஓரடி வீதம் சுவரிலிருந்து தள்ளிச் சாய்க்க வேண்டும். ரசாயனத்தைக் குடிநீர் பாட்டிலில் ஊற்றி வைக்கவே கூடாது. பிளீச்சிங் கரைசலையும் கழிவறை கழுவும் அமிலத்தையும் ஒன்றாக ஊற்றினால் குளோரின் வாயு கிளம்பும். பளபளவென்று இருக்கும் அலுவலகக் கட்டடத்திலும் இது நடக்கும். கண்ணில் அமிலம் பட்டால் உடனே ஓடும் நீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவ வேண்டும், ஆஸ்பத்திரி அதற்குப் பிறகு. வெளியேறும் கதவைத் திருட்டுப் பயத்தால் பூட்டுவது பழைய பாவம். நியூயார்க்கில் 1911-இல் டிரையாங்கிள் ஆடைத் தொழிற்சாலை எரிந்தபோது பூட்டிய கதவும் சேர்ந்துதான் 146 உயிர்களைக் குடித்தது.

இவ்வளவும் நடந்த பிறகு அறிக்கையில் எழுதப்படுவது ஒரே வரி: "தொழிலாளியின் கவனக்குறைவே காரணம்." எழுதுவதற்குச் சுலபம், யாரும் எதையும் மாற்ற வேண்டியதில்லை. வாசலில் "விபத்தில்லாத நாட்கள்" என்று பலகை வைத்து, எண்ணிக்கை கூடினால் பரிசு தருகிற வழக்கத்தையும் நான் நம்புவதில்லை. விபத்து குறைகிறதோ இல்லையோ, சொல்வது குறைகிறது. வெட்டிய விரலைத் துணியால் சுற்றிக்கொண்டு பேசாமல் இருப்பார்கள். மயிரிழையில் தப்பிய சம்பவம் யார் காதுக்கும் எட்டாது. உயிருக்கு உடனடி ஆபத்து என்று நியாயமாகக் கருதி வேலையை விட்டு விலகுகிற தொழிலாளியைத் தண்டிக்கக் கூடாது என்று சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 1981-ஆம் ஆண்டு ஒப்பந்தமே சொல்கிறது. ஆனால் "இது சரியில்லை" என்று சொன்னவருக்கு மறுநாள் கிடைக்கிற மரியாதையைப் பார்த்துத்தான் அடுத்தவர் வாய் திறப்பதா வேண்டாமா என்று முடிவு செய்கிறார்.

இயந்திரத்தின் மறைப்பு மூடி கழற்றிக் கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆபரேட்டரைத் திட்டிவிட்டு மாட்டச் சொல்லலாம். சூப்பர்வைசர் தலை மறைந்ததும் அது மறுபடி தரைக்கு வரும். ஏன் கழற்றினாய் என்று கேட்டால் விஷயம் தெரியும். ஷிஃப்டுக்கு இருபது முறை சிக்கு எடுக்க வேண்டியிருக்கிறது, ஒவ்வொரு முறையும் நான்கு போல்ட் கழற்றி மாட்ட வேண்டும். நான்கு போல்ட்டுக்குப் பதில் கீல் வைத்த கதவும், அதைத் திறந்தால் மோட்டார் தானே நிற்கும்படி ஒரு சுவிட்சும் வைத்துவிட்டால், அந்த மூடியைக் கழற்ற யாருக்கும் காரணமே இருக்காது. பொருள் ஏன் இருபது முறை சிக்குகிறது என்று அடுத்துக் கேட்கலாம்.