கார்டு வேலைக்குப் படிக்கும் முன்

ரயிலின் கடைசியில் பச்சைக் கொடியோடு நிற்பவரை ஊரே ‘கார்டு’ என்றுதான் சொல்கிறது. 2022 ஜனவரியில் அந்தப் பதவிக்கு ‘டிரெயின் மேனேஜர்’ என்று பெயர் மாற்றினார்கள். டிக்கெட் பார்க்கும் டி.டி.இ. வேறு, நாங்கள் வேறு. ஈரோட்டிலிருந்து கூட்ஸ் வண்டி ஏறி இறங்கியே என் சர்வீஸ் போனது. “எப்படிண்ணா சேர்றது?” என்று கேட்டு வரும் பிள்ளைகளிடம் நான் முதலில் சொல்வது ஒன்றுதான்: புத்தகம் வாங்கும் முன் கண்ணைக் காட்டுங்கள்.

இந்தப் பதவிக்கு மருத்துவத் தகுதி ஏ-2. கண்ணாடி போடாமல் இரண்டு கண்ணுக்கும் தூரப் பார்வை 6/9 இருக்க வேண்டும். நிறம் பிரித்தறிவதையும் இரவுப் பார்வையையும் தனியாகச் சோதிப்பார்கள். கண்ணாடியைத் தவிர்க்க லேசிக் என்ற லேசர் கண் சிகிச்சை செய்துகொண்டவர்களையும் எடுப்பதில்லை. எங்கள் தெருப் பையன் ஒருவன் இரண்டு வருஷம் ராப்பகலாகப் படித்துத் தேர்வில் தேறினான். மருத்துவப் பரிசோதனையில், வண்ணப் புள்ளிகளுக்குள் இருந்த எண்ணை அவனால் படிக்க முடியவில்லை. சிவப்பும் பச்சையும் தனக்குக் குழம்பும் என்பது அன்றைக்குத்தான் அவனுக்கே தெரிந்தது. அப்படித் தவறினால் பதிலுக்கு வேறு பதவியும் தரமாட்டார்கள். அவன் அம்மா எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அழுததை என்னால் மறக்க முடியவில்லை. கண்ணில் குறை இருந்தால், விண்ணப்பத்தில் பதவிகளை வரிசைப்படுத்தும்போதே இதைத் தவிர்த்து கிளார்க் பதவிகளைக் குறியுங்கள்.

கண் தேறிவிட்டதா? ஏதாவது ஒரு டிகிரி போதும். ரயில்வே தேர்வு வாரியம் (ஆர்.ஆர்.பி.) தொழில்நுட்பம் சாராத பதவிகளுக்கு நடத்தும் என்.டி.பி.சி. தேர்வைத் தமிழிலேயே எழுதலாம். முதல் தாளில் 100 கேள்வி, இரண்டாவதில் 120. இரண்டுக்கும் 90 நிமிடம்தான். தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் போகும். முதல் தாள் வடிகட்ட மட்டுமே, தரவரிசை இரண்டாவதில்தான். தொடக்க அடிப்படைச் சம்பளம் 29,200 ரூபாய். அதற்கு மேல் ஓடுகிற கிலோமீட்டருக்கு மைலேஜ் என்ற படியும் உண்டு.

தெற்கு ரயில்வேக்கு எடுத்தால் திருச்சி பயிற்சி நிலையத்தில் விதிப் புத்தகத்தோடு உட்கார வேண்டும். மனப்பாடம் பண்ணாதீர்கள், தண்டவாளத்தில் நடந்து பார்த்துப் படியுங்கள். இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவே ஒரு தடத்தில் ஒரு நேரத்தில் ஒரே வண்டியை விடும் அப்ஸல்யூட் பிளாக் பகுதியில், நடுவழியில் வண்டி நின்று நகர முடியாமல் போனால், கார்டு சிவப்பு விளக்கோடு பின்பக்கம் நடக்க வேண்டும். தண்டவாளத்தின் மேல் 600 மீட்டரில் ஒரு டெட்டனேட்டர் (எச்சரிக்கை வெடி) வைக்க வேண்டும், 1,200 மீட்டரில் பத்துப் பத்து மீட்டர் இடைவெளியில் மூன்று. பின்னால் வரும் என்ஜினின் சக்கரம் ஏறியதும் அவை வெடிக்கும், லோகோ பைலட் பிரேக் போடுவார். ஜல்லிமேல் இருட்டில் 1,200 மீட்டர் என்பது எவ்வளவு தூரம் என்று கால் சொன்னால்தான் தெரியும்.

அடுத்தது எல்.ஆர்., அதாவது பழைய கார்டோடு போய் வழியைக் கற்பது. என் முதல் இரவில், கார்டு உட்காரும் கடைசிப் பெட்டியான பிரேக்வேனில் விளக்கில்லை. கூட வந்த பெரியவர் டார்ச்சை நேரே, பிரேக் காற்றின் அழுத்தத்தைக் காட்டும் பிரஷர் கேஜில் அடித்து, “கிளம்புறதுக்கு முன்னாடி இந்த முள்ளைப் பாருப்பா” என்றார். என்ஜினில் அழுத்தம் 5 கிலோ இருந்தால், 56 வேகன் வரை உள்ள வண்டியில் கடைசியில் 4.8 காட்ட வேண்டும். குறைந்தால் எங்கோ காற்று கசிகிறது. பிறகு இறங்கி வால் விளக்கைக் கையால் அசைத்துப் பார்த்தார். அந்த விளக்கைப் பார்த்துத்தான் வண்டி முழுசாக வந்து சேர்ந்தது என்று ஸ்டேஷன் மாஸ்டர் தெரிந்துகொள்வார். அரைக் கிலோமீட்டர் நீளத்துக்கு மேல் முன்னால் நிலக்கரி, பின்னால் நாம் மட்டும். பேச ஆள் கிடையாது, கையில் வாக்கி-டாக்கிதான். இந்தத் தனிமையைத் தாங்க முடியுமா என்று சேரும் முன்பே மனசைக் கேட்டுக்கொள்ளுங்கள். பெண்களும் இந்த வேலையை நன்றாகவே செய்கிறார்கள்.

தீபாவளி, பொங்கல் என்று பார்க்காமல் டியூட்டிக்கு அழைப்பு வரும். எட்டு மணி நேரத்துக்கு மேல் ஓடித் திரும்பினால் தலைமையிடத்தில் 16 மணி நேர ஓய்வு உண்டு. அதில் பகலானாலும் தூங்கிவிடுங்கள். வீட்டாரிடம் இதை முதல் நாளே சொல்லி வையுங்கள்.

முதல் டிரிப்புக்கு இரண்டு வேளைச் சாப்பாடு, நிறையத் தண்ணீர், மார்கழியென்றால் மப்ளர், டார்ச்சுக்கு மாற்று பேட்டரி. புளிசாதம் கட்டிக்கொள்ளுங்கள், வேறு வண்டிக்கு வழிவிட்டு லூப் லைனில் எவ்வளவு நேரம் நின்றாலும் கெடாது.