செல்ஃப் செக்அவுட்டில் எதை முதலில் ஸ்கேன் செய்வது?

இங்கிலாந்து சூப்பர்மார்க்கெட்டில் செல்ஃப் செக்அவுட்டுக்கு, அதாவது நாமே சாமானை ஸ்கேன் செய்து பணம் கட்டும் இயந்திரத்துக்குப் போகிறீர்களா? கூடையில் ஒயின் பாட்டிலோ சமையலறைக் கத்தியோ இருந்தால் அதை முதலில் ஸ்கேன் செய்யுங்கள்.

18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு இவற்றை விற்கக் கூடாது என்பது சட்டம். அதனால் பார்கோடு பட்டதுமே இயந்திரம் விளக்கைப் போட்டு ஊழியரைக் கூப்பிடும். பல இயந்திரங்களில் அவர் வரும்வரை பால், ரொட்டி, காய்கறி என்று மற்றதை ஸ்கேன் செய்துகொண்டே இருக்கலாம். கடைசியில் ஸ்கேன் செய்தால் பணம் கட்டும் நேரத்தில் சும்மா நிற்க வேண்டியதுதான். அத்தனை இயந்திரங்களையும் பெரும்பாலும் ஒரே ஊழியர்தான் பார்க்கிறார், பாவம். 25 வயதுக்குக் குறைவாகத் தோன்றினால் அடையாள அட்டை கேட்பார்கள், கையிலேயே வைத்திருங்கள்.

சில இயந்திரங்கள் ஊழியர் வந்து அனுமதிக்கும்வரை அப்படியே நின்றுவிடும். அங்கே இந்த வழி உதவாது. டிராலி நிறையச் சாமான் இருந்தாலும், ரொக்கமாகக் கட்டுவதாக இருந்தாலும் நேரே காசாளரிடம் போவதே மேல். வட இங்கிலாந்தின் பூத்ஸ் என்ற சூப்பர்மார்க்கெட் கடைகளில் இந்தக் கவலையே அநேகமாக இல்லை: 2023இல் பெரும்பாலான கிளைகளிலிருந்து இந்த இயந்திரங்களை எடுத்துவிட்டார்கள்.