கண்ணை மறைக்கிற தொப்பியைத் தலைக்குப் பிடிக்க வைப்பது

என் அக்கா காசிமேட்டில் மீன் விற்கிறாள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. ஆனால் ஃபைபர் படகில் வருகிற மீன் இருக்கும், அக்காவும் இருப்பாள். வருஷத்திலேயே கொடுமையான வெயில் அப்போதுதான். அவளுக்காகப் பாரிமுனை நடைபாதையில் 120 ரூபாய்க்கு அகல விளிம்பு வைத்த துணித் தொப்பி ஒன்று வாங்கிக் கொடுத்தேன். மறுநாளே திருப்பிக் கொண்டுவந்தாள்.

"இன்னாடி இது, குனிஞ்சா கண்ணு மேல வந்து குந்திக்குது. மத்தியானம் கடல் காத்து அடிச்சா தூக்கினு பூடுது."

அரிவாள்மனை முன்னால் உட்கார்ந்திருக்கிறவளுக்குக் கண் மறைந்தால் என்ன ஆகும்? அன்று ராத்திரியே பிரித்துத் தைத்தேன். பழைய வண்ணாரப்பேட்டையில் 28 வருஷமாக ரவிக்கை தைக்கிறவள் நான். தொப்பிக்கும் ரவிக்கை மாதிரியே அளவுதான் முதல் வேலை.

இன்ச் டேப்பை நடு நெற்றியில் வைத்து, காதுக்கு அரை இன்ச் மேலே கொண்டுபோய், பின்மண்டை புடைத்திருக்கும் இடத்தைச் சுற்றி எடுங்கள். இறுக்க வேண்டாம். தொப்பியின் உள்சுற்றுக்கு டேப் சரியாக வளையாது. பாவாடை நாடாவை உள்ளே ஒட்டினாற்போல் ஓட்டி, பேனாவால் குறித்து, அப்புறம் நாடாவை அளந்துகொள்ளுங்கள். அக்கா தலை 56 சென்டிமீட்டர், தொப்பி 59. தலையைவிடத் தொப்பி அரை சென்டிமீட்டர் முதல் 1 சென்டிமீட்டர் வரை கூட இருந்தால் சுகமாக இருக்கும். ஆக, குறைக்க வேண்டியது 2 சென்டிமீட்டர்தான். வித்தியாசம் 4 சென்டிமீட்டருக்கு மேல் என்றால் தொப்பியை மாற்றி வாங்குங்கள். அடைத்து அடைத்து வைத்தால் தலைவலிதான் வரும்.

கொண்டை போடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அக்கா கொண்டையைப் பின்மண்டையில் தூக்கிப் போடுவாள். அது தொப்பியின் பின்பக்கத்தை மேலே தள்ளும், முன்பக்கம் கண்ணில் இறங்கும். கொண்டையைப் பிடரிக்கு இறக்கிப் போடச் சொன்னதுமே பாதிக் கோளாறு போய்விட்டது. அளவை அதற்கப்புறம்தான் எடுத்தேன்.

இனி எங்கே இடைவெளி என்று தேடுங்கள். தலை உருண்டை இல்லை. முன்பின் நீளம், பக்கவாட்டில் ஒடுக்கம். தொப்பியை நேராக வைத்துக்கொண்டு நெற்றி, கண்ணுக்கும் காதுக்கும் நடுவில் இருக்கிற இரண்டு பொட்டு, பின்பக்கம் என்று நாலு இடத்திலும் விரலை நுழைத்துப் பாருங்கள். அக்காவுக்குப் பொட்டுப் பக்கம் இரண்டிலும் விரல் தாராளமாகப் போனது, நெற்றியில் போகவில்லை. நிறைய பேர் பேப்பரை மடித்து நெற்றிப் பக்கம் செருகுகிறார்கள். அவசரத்துக்குச் சரி. ஆனால் இடைவெளி வேறு இடத்தில் இருந்தால் தொப்பி பின்னால் சரியும், முன் விளிம்பு தூக்கும், காற்று அதில்தான் புகும்.

தொப்பிக்குள் ஓடுகிற வேர்வைப் பட்டையைப் பிரட்டிப் பாருங்கள். மேல் ஓரம் திறந்திருந்தால் நல்லது. இரண்டு ஓரமும் தைத்திருந்தால் மேல் ஓரத்தில் நாலு விரல் அகலத்துக்குத் தையலைப் பிரியுங்கள். உள்ளே வைக்க 3 மில்லிமீட்டர் ஸ்பாஞ்ச் போதும். அதை முழுச் சுற்றும் வைத்தால் கணக்குப்படி சுற்றளவில் கிட்டத்தட்ட 19 மில்லிமீட்டர் குறையும். தலை அமுக்கும் என்பதால் நிஜத்தில் அவ்வளவு வராது. நான் அக்காவுக்கு ஸ்பாஞ்ச் வைக்கவில்லை. மீன் தண்ணீர் தெறிக்கிற இடத்தில் அது ஈரத்தைப் பிடித்துக்கொண்டு நாறும். பொட்டுப் பக்கம் இரண்டிலும் பழைய பருத்தி பனியன் துணியைத்தான் திண்டாக வைத்தேன். ஒவ்வொன்றும் 12 சென்டிமீட்டர் நீளம், 2 சென்டிமீட்டர் அகலம், நடுவில் மூன்று மடிப்பு, ஓரத்துக்குப் போகப் போக ஒரே மடிப்பு. ஓரம் தடித்து நின்றால் அந்த இடம் நெற்றியில் வரி போட்டுவிடும். நீளமாக ஓட்டுத்தையல் போடுங்கள். ஊசி பட்டையை மட்டும் பிடிக்க வேண்டும், வெளித்துணிக்குப் போகக்கூடாது. கால்மணி நேரம் போட்டுப் பார்த்து, தோலில் சிவப்புக் கோடு விழுந்தால் ஒரு மடிப்பை உருவிவிடுங்கள்.

இன்னும் கொஞ்சம் தளர்ச்சி இருந்தது. பின்பக்கப் பட்டையில் 10 சென்டிமீட்டர் இடத்துக்கு, கால் இன்ச் எலாஸ்டிக்கை 7 சென்டிமீட்டர் வெட்டி, இழுத்துப் பிடித்துத் தைத்தேன். மெல்லிய துணித் தொப்பிக்கு இது நன்றாக வேலை செய்யும். விறைப்பான ஓலைத் தொப்பி சுருங்கிக் கொடுக்காது, அதற்கு உள்திண்டு மட்டும் போதும்.

சுடுதண்ணீரில் போட்டுச் சுருக்கலாம் என்று சொல்வார்கள். பருத்தி சுருங்கினாலும் எவ்வளவு என்பது நம் கையில் இல்லை, விளிம்பும் கோணிக்கொள்ளலாம். பாலியெஸ்டர் அசையாது. ஓலை மாதிரி இருக்கிற சில மலிவுத் தொப்பிகள் காகிதத்தில் பின்னியவை, நனைத்தால் போயிற்று. ஒட்டு டேப்பும் வேண்டாம், வேர்வையில் கழன்றுவிடும்.

காற்றுக்கு, காதுக்கு நேர் மேலே இரண்டு பக்கமும் நாடா வைத்து, இழுத்தால் அவிழ்கிற முடிச்சாகத் தாடைக்குக் கீழே கட்டச் சொன்னேன். திண்டில் இரண்டு ஜோடி தைத்து வைத்திருக்கிறேன். ஒன்று வெயிலில் காயும்போது இன்னொன்று தொப்பியில் இருக்கும்.

இப்போது அக்காவோடு உட்கார்கிறவர்களின் தொப்பிகளும் வர ஆரம்பித்து, மெஷின் பக்கத்தில் ஏழு கிடக்கின்றன. தொப்பியை மட்டும் கொடுத்தனுப்ப வேண்டாம், தினம் போடுகிற கொண்டையோடு நேரில் வாருங்கள் என்று அக்காவிடம் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.